மலையில் ஐஸ் வெட்டுகிறார்கள் என்று சொன்னவருக்கு

என் லூர்துவின் அப்பாவுக்கு, அங்கேயும் யாரையாவது ஏமாற்றிச் சிரித்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கத் தேவையில்லை. இங்கே இருந்தபோதே நீங்கள் சுகவாசி. கவலைப்படுவதும் சந்தேகப்படுவதும் என் பங்குக்கு வந்த வேலைகள். இன்றைக்கும் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. மாப்பிள்ளை ஆபீசில் வேலை அதிகம் என்று சொல்லி நேரம் கழித்து வந்தால், சட்டையில் சுருட்டு வாசம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சோறு போடச் சொல்கிறேன். அவர் நல்லவர்தான். இருந்தாலும் பார்க்கிறேன்.

மாப்பிள்ளை என்றதும் யார் என்று கேட்பீர்கள். நீங்கள் போன மறு வருஷம் லூர்துவுக்குக் கல்யாணம் ஆயிற்று. பையன் பெயர் சவரிமுத்து, கப்பல் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி. நிறையப் படிக்கிறவர், படித்ததைப் பற்றி அதைவிட நிறையப் பேசுகிறவர். நீங்கள் வாடகை வண்டியில் பூட்டி ஓட்டிய குதிரை கெலுகோரில் ஒரு தோட்டக்காரரிடம் இருக்கிறது. ஊரில் குதிரை வண்டிகள் குறைந்துபோய், தலைக்கு மேலே மின்சாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பஸ்ஸில் ஜனங்கள் ஏறுகிறார்கள். எனக்கு அந்தக் கம்பியின் மேலும் நம்பிக்கை இல்லை.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஊரே வாசிக்கட்டும். மெட்ராஸ்காரர் ஒருவர் எழுதிய பயண நாவலையும், அதை வைத்து எடுத்த பேசும் படத்தையும் பற்றி வாசகர்கள் அபிப்பிராயம் எழுதலாம் என்று பத்திரிகையில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் எழுதித் தள்ளுகிறார்கள். என் அபிப்பிராயத்தை யாருக்குச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். உங்களைத் தவிர இதில் பதில் சொல்ல வேண்டியவர் வேறு யாரும் இல்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காணாமல் போன அண்ணனைத் தேடி ஒருவன் மெட்ராஸில் கப்பலேறுகிறான். பினாங்கில் இறங்குகிறான். அப்புறம் சயாம் காடு, யானை, கொள்ளைக்கூட்டம், ஆற்று வெள்ளம். மாப்பிள்ளை சனிக்கிழமை சாயங்காலங்களில் நம் வீட்டுக்குக் கீழே காப்பிக்கடை முன்னால், அஞ்சடி நடைபாதையில் நாற்காலி போட்டு அதை உரக்க வாசிப்பார். கேட்பதற்கு ஒரு கூட்டம் சேரும். நான் மாடி ஜன்னலில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பேன்.

முதலில் எல்லாரும் ஆஹா என்றார்கள். பினாங்கு அத்தியாயம் வந்ததும் ஆளுக்கு ஒரு குற்றம் சொல்ல ஆரம்பித்தார்கள். கதாநாயகன் துறைமுகத்தில் இறங்கி, பொழுது சாய்வதற்குள் நடந்தே அக்கரையில் இருக்கிற புக்கிட் மெர்தாஜாம் போய்ச் சேர்கிறானாம். நடுவில் கிடக்கிற கடலை மடித்து மூட்டையில் வைத்துக்கொண்டானா என்று ஒருவர் கேட்டார். ஆயர் ஈத்தாம் ரோட்டில் பட்டப்பகலில் புலி குறுக்கே போகிறதாம். கடைசியில் மாப்பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

“இந்த ஆளு பினாங்குல காலே வைக்கலை லா. மேப்பைப் பார்த்து எழுதியிருக்கான்.”

கீழே எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முறத்தில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் ஒரு தடவை வண்டியோடு மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை. நான் கோயிலுக்கும் போலீசு ஸ்டேஷனுக்கும் நடையாய் நடந்தேன். நாலாம் நாள் காலையில் வாய் சிவக்க வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து நின்றீர்கள். மெட்ராஸிலிருந்து ஒரு எழுத்தாளர் வந்திருந்தார், நாவல் எழுதப் போகிறாராம், தீவு முழுவதும் சுற்றிக் காட்டினேன் என்றீர்கள். வெற்றிலையே போடாத மனிதருக்கு அதை மடித்துக் கொடுத்தது யார் என்று நான் கேட்டேன். அவர்தான் என்றீர்கள். அந்தோணியார் மேல் சத்தியம் செய்தீர்கள். கூலி பேசும்போது நாளைக்குப் பத்துத் தடவை அதே அந்தோணியார் மேல் சத்தியம் செய்கிறவர் நீங்கள். நான் எப்படி நம்புவேன்?

பாலிக் பூலாவ் பக்கம் நீங்கள் குதிரைக்குப் புல் வாங்கப் போவீர்கள். புல் கட்டு விற்கிற ஒருத்தி உங்களைப் பார்த்தால் நன்றாகச் சிரிப்பாள் என்று எனக்குக் காதில் விழுந்திருந்தது. அன்றைக்கு என் மனதில் அவள் வந்து உட்கார்ந்தாள், எழுந்து போகவே இல்லை. நீங்கள் படுக்கையில் விழுந்தபோதும், நெஞ்சுச் சளிக்கு நான் எண்ணெய் தேய்த்துவிட்டபோதும் உட்கார்ந்திருந்தாள். கேட்டுவிடலாம் என்று வாயெடுப்பேன். சாகக் கிடக்கிறவரிடம் இதையா கேட்பது என்று விழுங்கிவிடுவேன். கேட்காமலே உங்களை மண்ணில் வைத்தோம்.

இப்போது சொல்லுங்கள், எனக்கு இந்த நாவல் வெறும் நாவலா? அந்த எழுத்தாளர் இந்த ஊருக்கு வந்திருந்தால் நீங்கள் யோக்கியர். வரவில்லை என்றால் நான் இத்தனை வருஷம் ஒரு பொய்க்காரருக்குப் பூசை வைத்து அழுதிருக்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வரவே இல்லை என்று மாப்பிள்ளை ஒரு புதுக் காரணம் கண்டுபிடிப்பார். கூட்டம் தலையாட்டும். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு.

பிறகு படம் வந்தது. பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனாள். மாப்பிள்ளையும் லூர்துவும் பின்னால் நாற்காலியில், நாங்கள் இருவரும் பெண்கள் பெஞ்சில். பினாங்குத் துறைமுகம் என்று காட்டிய இடத்தில் துணியில் வரைந்த கடல் காற்றுக்கு ஆடியது. கொட்டகையே ஊளையிட்டது. அப்போது ஒரு குதிரை வண்டிக்காரன் வந்தான். பெரிய மீசை, கிழிந்த கோட்டு, கோமாளி வேஷம். நாவலில் அப்படி ஒருவன் கிடையாது. கதாநாயகனை ஏற்றிக்கொண்டு போகும்போது மலையைக் காட்டிச் சொல்கிறான்.

“அந்த உச்சியைப் பார்த்தீங்களா சாமி? அங்க ஐஸு பாறை பாறையாக் கெடக்கு. விடியக்காலையில வெட்டி, மரத்தூள் போட்டுச் சாக்குல கட்டி எறக்குவாங்க.”

பினாங்கு மலையில் ஐஸா என்று ஒருவர் எழுந்து கத்தினார். நான் பெஞ்சில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

புது மணப்பெண்ணாக நான் கப்பலிலிருந்து இறங்கிய அன்றைக்கு நீங்கள் எனக்குச் சொன்னதும் இதுதான், அந்த மரத்தூள் உட்பட. அதுவரைக்கும் நான் ஐஸைக் கண்ணால் பார்த்ததில்லை. “ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன், கம்பளி ஒண்ணு எடுத்து வச்சுக்க புள்ள” என்றீர்கள். நானும் வைத்தேன். ஆறு மாசம் கழித்துப் பாக்கியம் அக்கா என்னைப் பாசாருக்கு மீன் வாங்க அழைத்துப் போன வழியில் ஐஸ் கம்பெனியைக் காட்டினாள். வாசலில் மரத்தூளும் சாக்கும் கிடந்தன. அன்றைக்கே உங்களிடம் சண்டை பிடித்திருப்பேன். ஆனால் நீங்கள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “கம்பளி பத்திரமா இருக்கா?” என்று கேட்டு ஒரு சிரிப்புச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை. இருக்கிறது என்றேன். அப்புறம் சாகும் வரைக்கும் நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இருந்தாலும் நான் லேசில் நம்புகிறவளா? ஐஸ் கதையைப் புதிதாய் இறங்கிய எல்லாருக்கும் நீங்கள் சொன்னீர்கள். அதில் எவனாவது ஊருக்குத் திரும்பிப் போய் அந்த எழுத்தாளரிடம் சொல்லியிருக்கலாம் அல்லவா? இப்படி நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே திரையில் கதாநாயகன் மடியிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்தான். ஒன்று மடித்து வண்டிக்காரனுக்குக் கொடுத்தான். அவன் மென்றான், விக்கினான், தலை சுற்றிக் குதிரையின் வாலைப் பிடித்துக்கொண்டான். பாக்கியம் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

விக்கல் நின்றதும் வண்டிக்காரன் சொல்கிறான், வீட்டுக்காரியும் இந்தக் கதையை நம்பி ஒரு கம்பளியை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள் என்று. கொட்டகை முழுவதும் சிரித்தது. அந்தக் கம்பளியைப் பற்றி உங்களையும் என்னையும் தவிர யாருக்குத் தெரியும்? லூர்துவுக்கே தெரியாது. அப்படியென்றால் ஒரு தடவை அவளை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாதா என்று கதாநாயகன் கேட்டான்.

“கூட்டிட்டுப் போனா பொய்யின்னு தெரிஞ்சிடுமே சாமி. அவ பெரிய சந்தேகக்காரி. நான் சொன்னதுல அவ நம்புறது இது ஒண்ணுதான்.”

இருட்டில் என் கண்ணீரை யாரும் பார்க்கவில்லை. பாக்கியம் அக்கா மட்டும் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டு, “என்ன ஞானம்?” என்று என்னைப் பெயர் சொல்லிக் கேட்டாள். தூசி என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளையிடம் அந்த வண்டிக்காரன் இடத்தை யார் சேர்த்தது என்று விசாரித்தேன். அவருக்கு அதுதான் தாங்க முடியாத கோபம். “வசனம் எழுதினதும் அந்த எழுத்தாளர்தானாம் அத்தை. நல்ல நாவலைத் தானே கெடுத்துட்டாரு. படத்துலயே சுத்தப் புளுகு அந்த எடம்தான்” என்றார். பத்திரிகையிலும் அப்படியே எழுதிவிட்டார். நாவல் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போய்விட்டார்கள். வண்டிக்காரன் காட்சியை வெட்டி எறிய வேண்டுமாம். அபிப்பிராயம் சொல்கிற கனவான்களே, அந்தப் படத்தில் நிஜமாக நடந்தது அது ஒன்றுதான். வெட்டிவிடாதீர்கள் என்று கொட்டகைக்காரரையும் சேர்த்தே இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் உங்களை நான் சும்மா விடுவதாக இல்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் என் கம்பளியைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். அதனால்தானா என்னை மலைக்கு அழைத்துப் போகவே இல்லை? மலை ரயில் விட்ட பிறகுகூட நாளைக்கு, நாளைக்கு என்றீர்கள். வேறு யாரையோ அழைத்துப் போன இடத்துக்கு என்னை அழைக்கக் கூச்சப்படுகிறீர்கள் என்று நான் நினைத்தேன். நான் நம்பிக்கொண்டிருக்கிறேன் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை, யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை பேசியிருந்தால், இரண்டு பேரும் அந்த ரயிலில் ஏறியிருப்போமே. கம்பளியை நான் ஐஸுக்காகவா வைத்திருந்தேன்? நீங்கள் கேட்கும்போது இருக்கிறது என்று சொல்வதற்காக வைத்திருந்தேன்.

இன்னும் சில கேள்விகள் இருக்கின்றன. நாவலில் ஏன் உங்களைக் காணோம்? வண்டிக்காரனைப் புத்தகத்தில் போட அவருக்குக் கௌரவக் குறைச்சலா? நடந்தே புக்கிட் மெர்தாஜாம் போகலாம் என்று அவரிடம் சொன்னது யார்? அதுவும் உங்கள் கைவரிசைதானா? அப்புறம், படத்தில் வண்டிக்காரன் வருவது ஒரே ஒரு பகல். நீங்கள் போனதோ மூன்று நாள். மற்ற இரண்டு நாள் எங்கே இருந்தீர்கள்? நான் அங்கே வரும்போது முதலில் மோட்ச வாசலில் சாவியோடு நிற்கிற இராயப்பரிடம் விசாரிப்பேன். உங்களிடம் அப்புறம்தான்.

புல் கட்டுக்காரி மட்டும் எழுந்து போய்விட்டாள். அந்த இடம் காலியாக இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

கல்லறைத் திருநாள் வருகிறது. அதற்கு முன்னால் ஒரு நாள் கம்பளியை எடுத்துக்கொண்டு தனியாக மலை ரயிலில் ஏறி உச்சிக்குப் போகப் போகிறேன். மாப்பிள்ளை துணைக்கு வருகிறேன் என்பார், வேண்டாம் என்பேன். போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, திருநாளன்று உங்கள் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுச் சொல்கிறேன். பாறை பாறையாகக் கிடக்கிறது, என் கண்ணாலே பார்த்தேன், கம்பளி மட்டும் இல்லாவிட்டால் குளிரில் விறைத்திருப்பேன் என்று. அந்தோணியார் மேல் சத்தியமாகச் சொல்வேன். நீங்களும் நம்ப வேண்டும்.

இப்படிக்கு,
கம்பளியைப் பத்திரமாக வைத்திருக்கும்
லூர்துவின் அம்மா