ஒன்றரை மீட்டர் பாறை

30 ஜூலை 2025, புதன்

ஜுருவில் இருக்கும் எங்கள் கம்பெனிக் கிடங்கைக் காலி செய்ய வேண்டுமாம். பக்கத்துக் கார் கடைக்காரர் அந்த இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார். காலையில் முதலாளி ஜெயராஜ் அண்ணன் சாவிக்கொத்தை என் மேசையில் வைத்தார். "ரோஸ், பத்து வருசத்துக்கு மேல உள்ளத எல்லாம் தூக்கிப் போட்டுரு. கல்லுதானே லா. யாரும் தேடி வரப்போறதில்ல."

முந்நூறு பெட்டிகளாவது இருக்கும். ஏதோ ஒரு மலைச்சரிவில், ஏதோ ஒரு கட்டடத்துக்கு அடியில், துளை போட்டு எடுத்த மண்ணும் கல் உருளைகளும் ஆழவாரியாக அடுக்கியவை. பாதிப் பெட்டிகளில் என் கையெழுத்து. இருபது வருடமாக இதுதான் வேலை. தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்து, மேலே கட்டப்போகிறவர்களுக்கு எழுதிக் கொடுப்பது.

தூசியில் மூக்கு அடைத்துவிட்டது. நாளையும் இதே.

31 ஜூலை, வியாழன்

அந்தப் பெட்டியைத் திறந்திருக்க வேண்டாம்.

துளை எண் 3. 28.3.2013. பாலிக் புலாவ் போகும் வழியில், சாதிக்காய்த் தோட்டம் இருந்த சரிவை வெட்டிக் கட்டிய பதினெட்டு வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் உயரமான தடுப்புச் சுவர். அந்தச் சுவருக்காகப் போட்ட துளை. ஒன்பது மீட்டர் செம்மண், பிறகு ஒன்றரை மீட்டர் கருங்கல், அதற்குக் கீழே பெட்டியில் வெறும் பலகை. 'ஒன்பது மீட்டரில் அடிப்பாறை' என்று நான் எழுதிய தாள் இன்னும் மூடியில் ஒட்டியிருக்கிறது.

கடைசித் துண்டைக் கையில் எடுத்தேன். மேல் துண்டுகள் சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருக்கின்றன. இது மட்டும் பழுப்பு. நகத்தால் கீறினால் உதிர்கிறது. கீழே போகப் போகக் கல் கெட்டிப்பட வேண்டும். இது கீழே போகப் போக உளுத்திருக்கிறது.

அடிப்பாறை அப்படி இருக்காது. மண்ணுக்குள் தனியாக மாட்டிக்கொண்ட உருண்டைக் கல்தான் அப்படி இருக்கும். மேலேயும் தோல், கீழேயும் தோல், நடுவில் கெட்டி.

இந்தத் தீவில் இந்த வேலைக்கு வருகிற எவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: பாறை தட்டினால் நம்பாதே, இன்னும் ஐந்து மீட்டர் போய்ப் பார்த்துவிட்டு எழுது. எனக்கும் சொன்னார்கள். நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றரையில் ஏன் நிறுத்தினேன் என்பதும் தெரியும்.

1 ஆகஸ்ட், வெள்ளி

அந்தத் துளை போட்ட அன்று பெரிய வியாழன். கோயிலில் பாதம் கழுவும் சடங்குக்குத் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரில் அப்பாவும் ஒருவர். ஒரு வாரமாக வீட்டில் அதே பேச்சு. இரண்டு முறை நகம் வெட்டிக்கொண்டார், குதிகாலைக் கல் வைத்துத் தேய்த்தார். "ஃபாதர் கையில என் வெடிப்பு குத்திரக் கூடாதும்மா." காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "நீ முன் பெஞ்சில இருப்பே இல்ல?" என்றார்.

மாலை நான்கு மணிக்குப் பாறை தட்டியது. முதல் இரண்டு துளைகளிலும் எட்டு, ஒன்பது மீட்டரில்தான் பாறை வந்திருந்தது. அவற்றில் ஐந்து மீட்டர் முறையாகப் போய்ப் பார்த்தோம். மூன்றாவதும் அப்படித்தான் இருக்கும் என்று — இல்லை. நினைக்கவே இல்லை. வாட்சைத்தான் பார்த்தேன்.

முன் பெஞ்சில் இருந்தேன். அப்பா வலது காலை நீட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார், சின்னப் பையன் மாதிரி. மூன்று வருடம் கழித்துப் போய்விட்டார். அவரை நினைத்தால் முதலில் வருவது அந்த முகம்தான்.

அந்த முகத்தை இப்போது என்ன செய்வது?

2 ஆகஸ்ட், சனி

நேரில் போனேன். என் தாளை நம்பித்தான் மூன்றாம் துளைப் பக்கம் சுவரின் தூண்களை ஒன்பது மீட்டரில் நிறுத்தினார்கள். அந்தப் பக்கம் ஆறு வீடுகள். சுவரில் பெரிய வெடிப்பு எதுவும் இல்லை. ஆனால் சுவரிலிருந்து தண்ணீர் வடிய வைத்த குழாய்கள் காய்ந்து கிடக்கின்றன, நேற்று அடித்த மழைக்கும். அப்படியென்றால் தண்ணீர் உள்ளே எங்கே போகிறது?

கடைசி வீட்டில் ஒரு பெண், பெயர் தனலெட்சுமி, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். வேலைக்குப் போகிறவர்களின் எட்டுக் குழந்தைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். என் கையில் இருந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "டெங்கி கொசு செக்கா மேடம்? நேத்துதான் பூந்தொட்டி எல்லாம் கவுத்து வெச்சேன்" என்றாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு தொட்டியை நிமிர்த்திக்கூடப் பார்த்தேன். வெட்கம்.

பின்பக்கக் கேட்டைச் சாத்த முடியவில்லை. ஒரு விரல் அளவு இடிக்கிறது. "ரெண்டு தடவ அரத்தால ராவியாச்சு. வருசா வருசம் பருக்குது மேடம், என்னை மாதிரியே." குழந்தைகள் சிரித்தார்கள், அவளும்.

இரும்பு பருக்காது. கேட்டின் தூண்தான் நகர்கிறது.

4 ஆகஸ்ட், திங்கள்

ஜெயராஜ் அண்ணனிடம் சொன்னேன். கல்லைக் கையில் கொடுத்தேன். அவரும் நகத்தால் கீறிப் பார்த்தார்.

"பன்னெண்டு வருசமா நிக்கிற சுவரு, ரோஸ்."

"ஆமாண்ணே."

"ஒன் சைன் மட்டும்தான்னு நெனைக்கிறியா? அதுக்குக் கீழ என் கம்பெனி சாப்பு குத்தியிருக்கு. அதப் பாத்துதான் இன்னிக்கும் எல்லாரும் வேல குடுக்கிறான்." பிறகு தணிந்த குரலில், "தீபாவளி போகட்டும் லா. அப்பறம் நெதானமா பேசுவோம்."

மழை தீபாவளிக்கு முன்னாலேயே வந்துவிடும் அண்ணே என்றேன். எழுந்து போய்விட்டார். தேநீரை அப்படியே வைத்துவிட்டு.

5 ஆகஸ்ட், செவ்வாய்

பெட்டியை என் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். லிஃப்ட்டில் ஒருவர், "என்னக்கா, கட்டிலா?" என்று கேட்டார்.

9 ஆகஸ்ட், சனி

பெட்டி நடுக்கூடத்தில். மழை. சன்னலில் மலை தெரியவில்லை.

இந்தக் கல் பிறந்தபோது வெளிச்சத்தையே பார்த்ததில்லை. சுமார் இருபது கோடி வருடங்களுக்கு முன்னால், இரண்டு நிலத்தட்டுகள் முட்டிக்கொண்ட காலத்தில், பல கிலோமீட்டர் ஆழத்தில் கொதித்த குழம்பு, மேலே வர வழியில்லாமல் அங்கேயே ஆறியது. அவசரமில்லாமல் ஆறியதால்தான் அதன் படிக மணிகள் இத்தனை பெரிதாக இருக்கின்றன. தலைக்கு மேலிருந்த மலையை மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோனது. பாரம் குறையக் குறையக் கல் மேலே எழுந்தது, விரிசல் விட்டது. விரிசலில் தண்ணீர் இறங்கியது. தண்ணீர் முதலில் மூலைகளைத்தான் தின்னும், மூன்று பக்கமும் கடிக்க முடிவது அங்கேதான். அப்படித்தான் சதுரக் கல் உருண்டையாகிறது, சுற்றிலும் இருந்தது செம்மண்ணாகிறது. மண்ணுக்குள் அந்த உருண்டை தொங்கிக்கொண்டு கிடக்கிறது, பலாச் சுளைக்குள் கொட்டை மாதிரி.

மனிதன் போட்ட மிக ஆழமான துளையே பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். பூமியின் மையம் ஆறாயிரத்து முந்நூறுக்கும் மேலே. மேலோட்டுக்குக் கீழே மூடகம், உருகிய இரும்பு, அதற்குள் கெட்டி இரும்பு எல்லாம் யாரும் போய்ப் பார்த்ததல்ல. நிலநடுக்க அலைகள் எங்கே வளைகின்றன, எங்கே காணாமல் போகின்றன என்று வருடக்கணக்காகக் கவனித்துச் சொன்னார்கள். எனக்கு வேண்டியிருந்தது இன்னும் மூன்றரை மீட்டர். இரண்டு மணி நேரம்.

இரண்டு மணி நேரம் கழித்துப் போயிருந்தால் அப்பா முன் பெஞ்சைப் பார்த்திருப்பார். நான் இருந்திருக்க மாட்டேன். அவ்வளவுதானே? அவ்வளவுதான்.

11 ஆகஸ்ட், திங்கள்

நகராட்சிக் கவுன்சிலின் மலைச்சரிவுப் பிரிவில் கடிதம் கொடுத்தேன், கல்லின் படங்களோடு. என் பெயரில் மட்டும். அங்கே ஐனா என்ற இஞ்சினியர், முப்பது வயது இருக்கும், இரண்டு முறை படித்தாள். "ஏன் இப்போது?" என்று மலாயில் கேட்டாள். கிடங்கு காலி செய்கிறோம் என்றேன். அதுதான் உண்மை. காலி செய்யாமல் இருந்திருந்தால்?

அலுவலகத்தில் ஜெயராஜ் அண்ணன் குட் மார்னிங்கூடச் சொல்லவில்லை.

3 செப்டம்பர், புதன்

பழைய துளைக்கு ஒரு மீட்டர் தள்ளி மறுபடி துளை. துளை போடுகிறவர் அன்று மூன்றாம் துளை போட்ட அதே ஸுல்கிஃப்லி. மீசை வெளுத்துவிட்டது. மலாயில் சாதாரணமாகத்தான் சொன்னார்: "அன்னைக்குக் கேட்டேனே அக்கா, இன்னும் போகவான்னு. நீங்க மணியப் பாத்தீங்க." குற்றம் சொல்லவில்லை. ஞாபகம் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஒன்பது மீட்டரில் பாறை. பத்தரை மீட்டர் தாண்டியது. பதினொன்று. துளையிலிருந்து மேலே வரும் தண்ணீர் சாம்பலாகவே இருந்தது. ஒருவேளை, ஒருவேளை நான் சரியாகவே எழுதியிருந்தேனோ — அந்தக் கால் மணி நேரம் எவ்வளவு ஆசைப்பட்டேன்! பதினொன்றேகால் மீட்டரில் இயந்திரத்தின் சத்தம் மாறியது. தண்டு தானாக ஒரு சாண் இறங்கியது. தண்ணீர் பால் கலந்த தே தாரேக் டீயின் நிறத்துக்கு வந்தது.

"கோசோங்," என்றார் ஸுல். காலி.

திரும்பிப் பார்த்தால் ஜெயராஜ் அண்ணன் குடையோடு நிற்கிறார். எப்போது வந்தார்? "ஒரு வாரமா காரு தானா இந்தப் பக்கமே திரும்புது லா" என்றார். கையில் பையில் குயே பலகாரம். ஸுல்லுக்குக் கொடுத்தார், எனக்கும் கொடுத்தார்.

உண்மையான அடிப்பாறை இருபத்தோரு மீட்டரில்.

20 செப்டம்பர், சனி

ஆறு வீட்டுக்காரர்களையும் அழைத்துப் பேசினார்கள். மழைக்காலம் முடியும்வரை வெளியே தங்க வேண்டும். எழுதியது நான்தான், தப்பு என்னுடையது என்று எழுந்து சொன்னேன். பக்கத்து நாற்காலியில் இருந்த ஜெயராஜ் அண்ணனும் எழுந்தார். "சாப்பு என்னுது" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

தனலெட்சுமி: "எட்டுப் பிள்ளைங்கள நான் எங்க கொண்டு போறது? ஒங்க வீட்டுக்கா?" பிறகு, "அன்னிக்கி டெங்கின்னு வந்து தொட்டிய எல்லாம் பாத்தீங்களே மேடம். அப்பவே தெரியும்தானே ஒங்களுக்கு?"

தெரியும்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. தனலெட்சுமி பாயான் லெப்பாஸில் தங்கை வீட்டில் இருக்கிறாள். வாழ்த்து அனுப்பினேன். இரண்டு நீலக் குறி மட்டும் விழுந்தது.

14 நவம்பர், வெள்ளி

நான்கு நாளாக விடாத மழை. மண் நகர்கிறதா என்று பார்க்கச் சுவருக்குப் பின்னால் புதைத்த அளவுகோல் நேற்று ஒரே நாளில் நான்கு மில்லிமீட்டர் நகர்ந்தது. நான்கு மில்லிமீட்டர் என்றால் என்ன? ஒரு பருப்பு. விடிந்ததும் சுவருக்குக் கிளம்பினேன்.

புதிதாகச் செருகிய நீண்ட வடிகுழாய்களிலிருந்து செம்மண் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. ஐனாவும் நானும் மழையங்கியோடு நின்று பார்த்தோம். மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் தெளிந்தது. அளவு அசையவில்லை.

15 நவம்பர், சனி

அசையவில்லை.

24 ஜனவரி 2026, சனி

நீளமான நங்கூரக் கம்பிகளை மெய்யான பாறைவரை இறக்கி முடித்துவிட்டார்கள். ஆறு வீடுகளும் திரும்பி வந்தாயிற்று. சுவர் விழவில்லை. ஒரு செங்கல்கூட விழவில்லை.

"ஒன்னுமே ஆகல," என்றாள் தனலெட்சுமி. "நாலு மாசம் எங்கள அலையவிட்டதுதான் மிச்சம். ரெண்டு பிள்ளைங்க வேற எடத்துக்கே போயிட்டாங்க." ஆமாம் என்றேன். அவளுக்குக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. நடக்காததை எப்படிக் காட்டுவது?

பிறகு, நிற்கிறேனே என்றோ என்னவோ, மைலோ கலக்கிக் கொடுத்தாள். புதிய கேட்டை ஒரு விரலால் தள்ளிக் காட்டினாள். சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. "டெங்கி மேடத்துக்கு பிஸ்கட்டு குடு" என்று ஒரு குழந்தையை அனுப்பினாள்.

கவுன்சில் வேலைகளில் ஒரு வருடத்துக்கு என் பதிவுக்குக் கீழே இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. சரிதான்.

2 ஏப்ரல் 2026, பெரிய வியாழன்

பாயா தெருபோங்கில் வேலை. நான்கரைக்குப் பாறை தட்டியது. ஒன்றரை மீட்டர் ஆனபோது ஸுல்லைப் பார்த்தேன். அடுத்த தண்டை எடுத்து மாட்டினார்.

ஐந்து மீட்டர் முடிய ஏழேகால். கல் கடைசிவரை சாம்பல். எழுதினேன்.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதம் கழுவி முடிந்து, காணிக்கைப் பாட்டு தொடங்கிவிட்டது. சப்பாத்து முழுக்கச் செம்மண், அதனால் கடைசிப் பெஞ்சின் ஓரமாக நின்றுகொண்டேன். பன்னிரண்டு நாற்காலிகளும் இன்னும் எடுக்காமல் இருந்தன. அவற்றுக்கு முன்னால் தரை ஈரமாக இருந்தது.