இரண்டு நீலகண்டன்களில் மூத்தவனுக்கு

என் கண்ணான மருமகனே, மக்கா நீலகண்டா,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. குடும்பக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருஷாவருஷம் நீ கம்ப்யூட்டரில் தயார் செய்யும் பெயர்ப் புத்தகத்தை இந்த முறை நான் எடுத்துச் செய்கிறேன். வெளி ஆளிடம் கொடுக்கலாம் என்றார்கள். ஒன்பதாம் வகுப்பைக் கரைத்துக் குடித்த நான் இருக்கையில் வெளி ஆள் எதற்கு? துபாயில் நான் வேலை பார்த்த காலத்தில் என்னிடம் யோசனை கேட்காமல் ஒரு என்ஜினீயர் மெஷினைத் தொட்டதுண்டா?

உன் மனைவி சுபா லேப்டாப்பைத் திறந்து கொடுத்தாள். ஒரு கோப்பில் குடும்பத்து ஆட்கள், தாய்க்குக் கீழே பிள்ளைகளாக. பழைய மருமக்கள்வழியை நீ விடவில்லை என்று மனசு நிறைந்தது. இன்னொன்று எக்ஸ்எஸ்எல்டி, யாரை எப்படி அச்சில் அடுக்குவது என்று சொல்லும் கட்டளைகள். அதற்குள் ஆளைத் தேடிப் போகும் வழிக்கு எக்ஸ்பாத் என்று பெயராம். ஒற்றைப் புள்ளி வைத்தால் நிற்கிற ஆள். இரண்டு புள்ளி வைத்தால் பெற்றவள். மாமனுக்கு எத்தனை புள்ளி மக்கா? மூன்று வைத்துப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் ஏசியது.

இந்த வருஷம் மறைந்தவர் யார் என்று ஓரிடத்தில் பெயர் கேட்டிருந்தாய். போன வருஷம் அங்கே பகவதிச் சித்தி இருந்தாள். அந்தப் பெயரில் நம் குடும்பத்தில் வேறு ஆள் கிடையாது. அதை அழித்துவிட்டு உன் பெயரை அடித்தேன். ஆறு எழுத்துக்கு அரை மணி நேரம் ஆனது. அந்த இடத்தில் உன் பெயரே வரும் என்று எழுதும்போது நினைத்தாயா?

உடனே பிழை. ஒருவர் வரவேண்டிய இடத்தில் இரண்டு பேர் வந்திருக்கிறார்களாம். அங்கே இங்கிலீஷில் 'இஸ்' என்று போட்டிருந்தாய். அதைத் தூக்கிவிட்டுச் சமக்குறி வைத்தேன். பிழை போயே போய்விட்டது! பெருமையோடு சோதனைப் பிரதியைக் குடும்ப வாட்ஸாப்பில் அனுப்பினேன்.

சுசீந்திரத்திலிருந்து போன். என் தங்கச்சி மகன், அவனும் நீலகண்டன். அக்காளும் தங்கச்சியும் மூத்த பிள்ளைக்கு எங்கள் அப்பா பெயரை வைத்தது எனக்கு எப்படி மறந்தது?

"மாமா, நான் எப்பம் செத்தேன்?"

"என்னடே சொல்லுகே?"

"என் பேருக்கு முன்னால அமரர்னு போட்டிருக்கியளே! அம்மை காலையில இருந்து அழுது கரைஞ்சுக்கிட்டு கெடக்கா. என்னையத் தொட்டுத் தொட்டுப் பாக்கா."

"மெஷினுக்க தப்புடே."

"மெஷினுக்கு மாமன் யாரு? நீங்கதானே!"

அவசரத்தில் அமரர் என்று போடும் வரியையே எடுத்துவிட்டேன். இப்போது இரண்டு பேரும் உயிரோடு வந்தீர்கள். சுபா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளைக்கு இப்படியே இருக்கட்டும் மாமா" என்றாள்.

அப்படியே விட்டேன். இருந்தாய், ஒரு நாள்.

மறுநாள் அவளே வந்தாள். "அத்தை பேரைச் சொல்லித் தேடுங்கோ மாமா. பேரு ஒண்ணுதான், பெத்த வயிறு வேறல்லா?"

உன் அம்மை, என் அக்காள் செண்பகத்தைப் பிடித்து, அவளிலிருந்து இறங்கி உன்னிடம் வந்தேன். ஒரே ஆள். 'இஸ்'ஸைத் திரும்ப வைத்தேன். எடுத்துவிட்ட வரியையும் வைத்தேன். சிவப்பு வரவில்லை. அமரர் உன் பெயருக்கு மட்டும் வந்து உட்கார்ந்தது. சமக்குறி பெயர் ஒத்துப்போகிறதா என்று கேட்குமாம். 'இஸ்' அதே ஆள்தானா என்று கேட்குமாம். எனக்குப் பிடிபட்டது அவ்வளவுதான், அதுவும் பாதி. ஊரில் இதைக் கண்டுபிடித்தவன் நான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சுபா பெயரைச் சொல்லிக் காட்டிக் கொடுத்துவிடாதே.

ஆனால் மெஷினுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே மக்கா? நேற்று இளையவன் வாசலில் வந்து நின்றான். "நீலகண்டா" என்று கூப்பிட்டேன். அவன்தான் திரும்பினான். அவன் பின்னால் எட்டிப் பார்த்தேன். யாரைத் தேடினேன்?

புத்தகம் நாளை அச்சுக்குப் போகிறது. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி அவனைக் கூப்பிடும்போது அவனை மட்டும் பார்ப்பேன். உன்னைக் கூப்பிட வேண்டுமென்றால், அக்காள் பெயரைச் சொல்லிவிட்டுக் கூப்பிடுவேன்.

செண்பகத்தின் தம்பி,
உன் தாய்மாமன்