அம்மா கேட்ட புகை

அன்பு மகன் ஜெரினுக்கு,

ஜங்லிகாட்டிலிருந்து அப்பா மிக்கேல். நான் சொல்லச் சொல்ல எழுதுவது பக்கத்து வீட்டு ஆக்சிலியா. அந்த வடகோடிப் பனிக்காட்டில் மாதா உன்னை விட்டு விலகாமல் இருக்கட்டும். ஆக்சிலியாவே இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள். போனில் சொல்ல முடியாது. அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள்.

நீ பேசும்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் ‘நல்லாருக்கேன்யா, நீ சாப்பிட்டியா’ என்கிறாள். போனை வைத்ததும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறாள். இந்தத் தீவிலிருந்து மெயின்லாண்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். இனி அலைக்கழிக்காதீங்க, வரவேண்டியவங்களை வரச் சொல்லுங்க என்றார். வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் இருக்கிறது. கரண்டு போனால் விசிறியால் வீசுகிறேன். அது எதற்கு உதவும்? கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று அளப்பதுதான் உன் வேலை என்று நீ விளக்கியது ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. உலகத்தில் எங்கே எரித்தாலும் ஒரு துளிப் புகை அங்கே உன் மெஷினுக்கு வந்து சேரும் என்றாய். அன்றோடு உன் அம்மா விறகு அடுப்பை மூடினாள். மீன் சுடுவதில்லை. எதிர்வீட்டுப் பெங்காலிக்காரி சருகு கொளுத்தினால் வாசலில் நின்று, ‘ஏ தீதி, துவாங் பந்த் கரோ, புகைய நிறுத்து! என் மவன் மெஷின்ல போய் விழும், அவனுக்குல்ல ஏச்சு விழும்’ என்று கத்துவாள். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றிவிடுவாள். தெருவே சிரித்தது.

போன ஞாயிறு சாமியார் வந்து அம்மாவுக்குக் கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போனார். அவர் போனதும் என்னைக் கூப்பிட்டு, ‘கரையில மட்டை கொளுத்துங்க’ என்றாள்.

நீ பால்குடியாக இருந்தபோது என் படகு எஞ்சின் நின்று, திசை தெரியாமல் துடுப்புப் போட்டேன். படகு வரத் தாமதமானால் நம் பெண்கள் கரையில் தீ மூட்டுவார்கள் அல்லவா? உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இவள் தேங்காய் மட்டை கொளுத்தியிருந்தாள். அதைப் பார்த்துத்தான் கரை சேர்ந்தேன்.

புகையே ஆகாதுன்னாரே டாக்டர் என்றேன். ‘எனக்கில்லங்க, அவன் மெஷினுக்கு. கூடுதலா விழுந்தா என்னன்னு பார்ப்பான்ல’ என்றாள்.

ஜன்னலை இறுக்கி அடைத்து, ஆக்சிலியாவை அவளோடு உட்காரவைத்துவிட்டுப் போய் மூட்டினேன். புகை எங்கே வடக்கே போகிறது? காற்று அதை மடக்கி ஜங்லிகாட் கூரைகள்மேலேயே போட்டது. திரும்பி வந்தால், அம்மா ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு ‘போகுது பாத்தீங்களா’ என்கிறாள். ஆமா என்றேன்.

வானம் தெளியாமல் அங்கே விமானம் இறங்காது என்று நீ சொன்னதை மறக்கவில்லை. உன்மேல் குற்றமில்லை, ராசா. அடுத்த தடவை போன் பண்ணும்போது, மெஷினில் கொஞ்சம் கூடுதலாக விழுந்தது என்று மட்டும் அவளிடம் சொல். அப்பாவுக்காக இந்த ஒரு பொய் சொல்.

கம்பளியை நன்றாகப் போர்த்திக்கொள். உன் மூச்சு என்றும் குறையாதிருக்க,

உன் அப்பா
மிக்கேல்