உடற்பயிற்சி அட்டைக்குள் பச்சைக்கோட்டு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் அம்மாவின் இடது முழங்காலைத் தவிர. அந்த முழங்காலில் இருந்துதான் இந்தக் கடிதமே கிளம்புகிறது. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் உன் அம்மா குறுக்கே குறுக்கே பேசுவாள், நான் பாதியில் சிரித்துவிடுவேன், அப்புறம் வேறு ஏதாவது செய்துவிடுவேன், அது எனக்கு வேண்டாம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பச்சைக்கோட்டு கிடைத்துவிட்டது! ஆமாம், நம்முடைய பச்சைக்கோட்டு, அட்டையில் பச்சைக் கோட்டு போட்டவர் டிரம்பெட் ஊதுவாரே, அந்த ஜாஸ் ரிக்கார்டு! நீ ஐந்து வயதில் இரண்டாம் பக்கத்து லேபிளில் ஒட்டிய வெள்ளி நட்சத்திரம் உட்பட, ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாகக் கிடைத்துவிட்டது. அவசர அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன் கேள். முழங்கால் டாக்டர் உன் அம்மாவைத் தினமும் காலையில் இருபது நிமிஷம் கை கால் நீட்டி மடக்கச் சொல்லியிருக்கிறார். போனில் வீடியோ பார்த்துச் செய்யலாம் என்றேன், அந்தச் சின்னத் திரையில் யார் கை எது யார் கால் எதுன்னே தெரியல, என்கிட்ட பழைய ரிக்கார்டு இருக்கு என்று சொல்லிவிட்டுத் தன்னுடைய சமையல் புத்தக அலமாரியில் கையை விட்டாள். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பிறந்த வருஷம் அவள் ஆசையாக வாங்கிய உடற்பயிற்சி ரிக்கார்டு, அட்டையில் நீலக் கால்சட்டை போட்ட ஒரு பெண்மணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நம்மை முறைப்பாரே, அதுதான். வாங்கியதோடு சரி, ஒரு நாள்கூட அவள் அதைப் போட்டதில்லை. சனிக்கிழமை காலை எட்டு மணி, நான் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் ஹாலில் பாயை விரித்து, ரிக்கார்டைச் சுழலவிட்டு, முள்ளை வைத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறாள், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணப்போகிற குரலுக்காக. அப்போது வந்ததம்மா அந்த டிரம்பெட்! முதல் நாலு அடி தனியாக, அப்புறம் பின்னால் இருந்து மெதுவாக பிரஷ்ஷால் டிரம்மைத் தேய்க்கிற அந்தச் சத்தம், அப்புறம் பாஸ் வாத்தியத்தின் கனத்த தந்தி. ஷூ ஒரு பக்கம், பிரஷ் ஒரு பக்கம், நான் ஓடினேன். உன் அம்மா தூக்கிய கையை இறக்காமலே, இது என்னங்க, இவங்க எண்ணவே மாட்டேங்கிறாங்க என்கிறாள். நான் அவளை அப்படியே பிடித்து, பாலிஷ் கையோடு, முழங்காலைக்கூட மறந்து, ஹாலை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டேன். அவள் வெள்ளைச் சட்டையில் என் கை அச்சு இன்னும் போகவில்லை, அதற்குத் தனியாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

நாலாவது சுற்றில் அவள் நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்து, ஒரே ஒரு வரி கேட்டாள், அப்போ அவர் எடுக்கலையா என்று. அவ்வளவுதான், நான் பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் என்றால் யார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, மருந்துக்கடை மாமாதான். பதினோரு வருஷமாக நம் வீட்டில் அவர் பெயரை எடுத்தாலே நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேனே, அவர்தான்.

உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. அதுதான் கொடுமை, வந்ததும் சாதாரணமாக வரவில்லை, நேற்று நடந்த மாதிரி வந்தது. நாம் பழைய வீட்டைக் காலி செய்வதற்கு முந்தின நாள் மாமா பெட்டி கட்ட வந்திருந்தார். நானும் அவரும் இருபது வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழைய சாமான் கடைகளில் குந்திக்கொண்டு, விரல் நுனி கறுக்கக் கறுக்கத் தேடிச் சேர்த்த ரிக்கார்டுகள் அவை, ஜாஸ் என் பக்கம், சோல் என்கிற உருக்கமான பாட்டு அவர் பக்கம், வார்த்தை பாதி புரியாது, ஆனாலும் அட்டையில் குடை பிடித்து நிற்பாளே, அந்தக் குடைக்காரி பாட ஆரம்பித்தால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவோம். அவரிடம் இருந்ததை எல்லாம் எனக்கு இரவல் கொடுப்பார், குடைக்காரியைக்கூடக் கொடுத்தார். நானும் எல்லாம் கொடுப்பேன், பச்சைக்கோட்டு ஒன்றைத் தவிர. அவரும் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பார், ஒரு வாரம் கொடுப்பா, ஒரே வாரம் என்று. அன்றைக்குப் பெட்டி கட்டும்போது, பச்சைக்கோட்டைப் பெட்டியில போடாதே நசுங்கிடும், நான் வண்டியில மடியிலேயே வெச்சுக் கொண்டு வரேன் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் என் புத்தி இருக்கிறதே, மடியில் ஏறினால் அப்படியே அவர் வீட்டுக்கு இறங்கிவிடும் என்று அதற்குத் தோன்றிவிட்டது. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ரிக்கார்டை உருவி, யாரும் தொடாத ஒரே அட்டை எது என்று பார்த்து, அந்த நீலக் கால்சட்டைப் பெண்மணிக்குள் சொருகிவிட்டேன். அந்த அட்டை ஏன் காலியாக இருந்தது என்று உன் அம்மா இப்போது கேட்கிறாள். அந்த ரிக்கார்டின் மேல் நான் தெரியாமல் உட்கார்ந்து உடைத்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அதையும் சேர்த்துத்தான் சனிக்கிழமை ஒப்புக்கொண்டேன்.

ஆக மாமா வெறும் பச்சைக்கோட்டு அட்டையை, உள்ளே ஒன்றும் இல்லாததை, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். மறுநாளே என்னைத் துறைமுகத்துப் பக்கம் பதினாலு மாடிக் கட்டடத்து லிப்ட் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள், இரண்டு மாசம் நான் வீட்டில் தூங்க மட்டும்தான் வந்தேன். பிறகு அலமாரி அடித்து, பெட்டி பிரித்து, ஆசையாக அட்டையைத் திறந்தால் காலி. நான் எதையுமே மறக்காதவன் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொள்பவன் இல்லையா, எந்தக் கட்டடத்தில் எந்த லிப்டுக்கு எந்த வருஷம் கயிறு மாற்றினேன் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதனால் நான் எங்கேயாவது வைத்து மறந்திருப்பேன் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. நேரே கடைக்குப் போனேன். பத்துப் பேர் நிற்கிறார்கள். மருந்துக்குத்தான் சீட்டு கேப்பே, ரிக்கார்டை மட்டும் சீட்டு இல்லாமலே எடுத்துக்குவியா என்று கத்தினேன். அவர் கையில் இருந்த இருமல் மருந்துப் பாட்டிலைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு தலைவலி மாத்திரைக்குக்கூட இரண்டு தெரு தள்ளி நடந்துபோய் வாங்கினேன். உன் கல்யாணத்துக்கு மாமாவைக் கூப்பிடலாம்ப்பா என்று நீ என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். திருடனுக்குப் பந்தியில் இடமில்லை என்று சொன்னேன். அந்த வார்த்தையை இங்கே எழுதவே கூசுகிறது அம்மா.

உண்மையைச் சொல்கிறேன், சனிக்கிழமை முதலில் எனக்குத் தோன்றியது, பேசாமல் ரிக்கார்டை மறுபடி அந்தப் பெண்மணிக்குள்ளேயே வைத்துவிடலாம் என்பதுதான். உன் அம்மா விடவில்லை. நீங்க போறீங்களா, இல்ல நானே இந்த முழங்காலோட போய் அவர்கிட்ட சொல்லட்டுமா என்றாள். அவள் இத்தனை வருஷமும் எனக்குத் தெரியாமல் அந்தக் கடையில்தான் மருந்து வாங்கியிருக்கிறாள் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. சரி, கத்தியது நாலு பேர் முன்னால், மன்னிப்பும் நாலு பேர் முன்னால்தான் என்று முடிவு செய்து, திங்கட்கிழமை கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். வரிசையில் ஆறாவது ஆளாக நின்றேன். மாமா நன்றாக வெளுத்துவிட்டார், கண்ணாடி தடிமனாகிவிட்டது. என் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. சீட்டு இருக்கா என்றார். இருபது வருஷச் சிநேகிதனிடம் சீட்டு இருக்கா என்கிறார், எனக்கு வேண்டியதுதானே. சீட்டு இல்லை, இதுதான் இருக்கு என்று பையிலிருந்து அந்த நீலக் கால்சட்டையை எடுத்து மேஜைமேல் வைத்து, உள்ளேயிருந்து பச்சைக்கோட்டை உருவினேன். பின்னால் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, இவர் திருடன்னு சொன்னேன், இவர் திருடல, ஒளிச்சு வெச்சது நான், மறந்தது நான், கத்துனதும் நான் என்று சொன்னேன். குரல் உடைந்துவிட்டது. பின்னால் ஒரு அம்மாள், ஐயா அழுறதுன்னா ஓரமா நின்னு அழுங்க, என் பிரஷர் மாத்திரையை முதல்ல குடுக்கச் சொல்லுங்க என்றார். மாமா அவருக்கு மாத்திரையைக் கொடுத்தார், இன்னும் மூன்று பேருக்குக் கொடுத்தார், அதுவரை நான் ஓரமாகத்தான் நின்றேன். அப்புறம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, குனிந்து, மேஜைக்கு அடியில் கடைசித் தட்டிலிருந்து ஒரு பார்சலை எடுத்து என் முன்னால் வைத்தார். மருந்துக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, தூசு தட்டி வைத்திருந்தார்.

குட்டிம்மா, காகிதத்தைப் பிரித்தால் உள்ளே தபால் அட்டைப்பெட்டி, பெட்டியின் மேல் உன் கையெழுத்து. உள்ளே இன்னொரு பச்சைக்கோட்டு. கூடவே நீ எழுதிய துண்டுச் சீட்டு. மாமா, எப்படியோ தேடிப் பிடிச்சுட்டேன், உங்க ரிக்கார்டுகளுக்கு நடுவுல எங்கேயோ கிடந்ததுன்னு சொல்லி அப்பாகிட்ட குடுத்துடுங்க, நான் அனுப்பினேன்னு சொல்லாதீங்க என்று. ஆறு வருஷத்துக்கு முந்தின தேதி. உன் கல்யாணம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது, புது ஊர், புது வேலை, அதற்கு நடுவில் என்னுடைய வறட்டுக் கோபத்துக்காக நீ எந்தெந்தக் கடை ஏறி இறங்கினாயோ. ஏன்டா இதை எனக்குக் கொடுக்கவில்லை என்று மாமாவைக் கேட்டேன். எங்கிட்ட கிடந்ததுன்னு குடுத்தா நான் எடுத்தேன்னுதானே ஆகும், எடுக்காததை எப்படிப்பா திருப்பித் தர்றது என்றார். சரி, நீயாவது போட்டுக் கேட்டியா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். ஒரு தடவைகூட முள் வைக்கல, அது உனக்கு வந்தது என்றார். உலகத்தில் அந்த மனுஷன் ஆசைப்பட்டுக் கேட்டது இந்த ஒரு ரிக்கார்டுதான். ஆறு வருஷமாகக் காலடியில் இருந்திருக்கிறது, தொடவில்லை. அவரைத்தான் நான் அப்படிச் சொன்னேன்.

அப்புறம் என்ன, அவர் வீடு கடைக்கு மேல்தானே, மாடிக்குப் போய் நட்சத்திரம் ஒட்டியதைப் போட்டோம். இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டில் மூன்று தரம் டிக் டிக் டிக் என்னுமே, அந்த இடம் வந்ததும் இரண்டு கிழவர்களும் சேர்ந்து தாளம் போட்டோம். மாமாவின் வீட்டம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்ததும் மூன்றாவது டம்ளரைத் தேடப் போய்விட்டார். எனக்கு இறங்கி நடக்கவே மனசு வரவில்லை. மறுபடி கடை திறக்க ஒன்றரை மணி நேரம் தாமதம், கீழே ஷட்டரைத் தட்டுகிறார்கள், மாமா தட்டட்டும் என்கிறார்!

உன்மேல் எனக்குக் கோபம் என்று நினைக்காதே. இவ்வளவு பெரிய ரகசியத்தை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் போனில் என்னிடம் மழை வெயில் விசாரித்தாயே, கள்ளி, அந்தச் சாமர்த்தியம் உன் அம்மாவிடமிருந்து வந்தது. அடுத்த முறை நீங்கள் இருவரும் வரும்போது கடை வண்டியிலேயே வந்து கூட்டிப்போவதாக மாமா சொல்லச் சொன்னார், மாப்பிள்ளையை இன்னும் பார்த்ததில்லையே என்றார். கல்யாணத்துக்குக் கூப்பிடாதவன் நான், தலையைக் குனிந்துகொண்டேன். நீயே அவருக்கு ஒரு போன் செய், தாமதிக்காதே. நீ அங்கே வாங்கி வைத்திருக்கிற ரிக்கார்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதே, நிற்கவைத்து அடுக்கு, ஜன்னல் பக்கம் வேண்டாம், வளைந்துவிடும். முக்கியமாக, எதையும் வேறு அட்டையில் வைக்காதே. அம்மா முழங்காலுக்கு இப்போது பச்சைக்கோட்டுக்கே உடற்பயிற்சி செய்கிறாள், எண்ணிக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம், கை தானாகத் தூக்குகிறதாம். உங்கள் இருவருக்கும் எங்கள் மனசு நிறைந்த ஆசீர்வாதம், வீட்டில் பாட்டும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. வீட்டுக்கு நான் கொண்டுவந்தது நீ அனுப்பியதை. உன் நட்சத்திரம் ஒட்டியதை மாமாவிடம் கொடுத்துவிட்டேன், அவர் கேட்ட மாதிரியே, இரவலாக. ஒரே வாரம், அடுத்த திங்கட்கிழமை திருப்பித் தந்துடறேன் என்றார். அவசரமில்லை, பதினோரு வருஷம் வெச்சுக்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் அப்பா