விமானம் வேண்டாம், நீ வா

அன்புள்ள இங்கிரிட்டுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், நாயும் சுகம், என் வலது மணிக்கட்டு மட்டும் சுகமில்லை, ஓடுதளத்தில் விமானங்களுக்கு ஊற்றுகிற பெட்ரோல் லாரியிலிருந்து இறங்கும்போது படி வழுக்கிவிட்டது, மாவுக்கட்டு போட்டிருக்கிறது. நீ பாஸ்டன் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன், அப்படி இல்லையென்றால் உடனே போன் பண்ணு. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், சொன்னதை மட்டும் எழுது என்று சொல்லியிருக்கிறேன். (சொன்னதை மட்டும்தான் எழுதுகிறேன் அக்கா. அடைப்புக்குறிக்குள் இருப்பது ரோமியின் சொந்த நிலம், அங்கே அம்மாவுக்குத் தரையிறங்க அனுமதி கிடையாது. பதினாறு வயதில் வேறென்ன சொத்து எனக்கு?)

உன் அம்மா ஊரைக் கெடுத்துவிட்டாள் என்று யாராவது உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு முடிந்தது, ஊரில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை, மளிகைக் கடையில் பில் போடுகிற பெண் முட்டைக்கு மேலே டப்பாக்களை அடுக்கிக் கொடுக்கிறாள். வயலுக்கு மருந்தடிக்கிற விமானமும் ஆம்புலன்ஸ் விமானமும் மட்டும் வந்துபோகிற நம் ஓடுதளத்துக்கு டென்வரிலிருந்து தினமும் ஒரு பயணிகள் விமானத்தைக் கொண்டுவரலாமா என்பதுதான் கேள்வி. விமான நிலைய வாரியத்தில் நாங்கள் ஐந்து பேர், இரண்டு பேர் வரட்டும் என்றார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், மிச்சமிருந்த ஒரு கை என்னுடையது. இதைக் கொண்டுவந்தே தீருவேன் என்று நிற்பவர் டிராக்டர் கடை கைல் டொனோவன். என்னை எங்கே பார்த்தாலும் ஒரே பாட்டு, “ஏம்மா லொரேன், உன் பெரிய பொண்ணு வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சே, பிளேன் விட்டா பறந்து வந்துடுவாளே, பெத்தவளுக்கு அந்த ஆசை இல்லையா?” என்று. எரிபொருள் குழாயைக் கையில் வைத்திருக்கிறவளிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதற்கென்று வெளியூரிலிருந்து ஒரு ஆலோசகரை வரவழைத்து வீடு வீடாகக் கேட்டார்கள், இங்கிருந்து விமானம் விட்டால் ஏறுவீர்களா என்று. எல்லாரும் ஆமாம் என்றார்கள். நம் ஜனங்களை உனக்குத் தெரியாதா, நம் ஊருக்கு நல்லது என்று யாராவது வாசலில் வந்து நின்றால் இல்லை என்று சொல்ல வாயே வராது. விமானச் சத்தம் கேட்டாலே குமட்டுகிற எட்வின் கிழவர்கூட வாரம் ஒரு தடவை ஏறுவேன் என்று சொல்லியிருக்கிறார், ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால் “பின்னே, ஊரு மானத்தைக் காப்பாத்த வேணாமா?” என்கிறார். (விமானத்தில் பாதி மானம்தானே அக்கா.) அந்த ஆமாம்களை எல்லாம் கூட்டி ஆலோசகர் அழகாக ஒரு வரைபடம் போட்டுவிட்டார், கோடு மட்டும் ஏறுமுகமாகவே போகிறது. ஆனால் இங்கே யாராவது டென்வருக்குச் சும்மா போகிறார்களா, பல் டாக்டரைப் பார்த்து, மொத்தக் கடையில் மூட்டை வாங்கி, டயர் மாற்றி, அப்படியே விமானம் ஏறப் போகிறவர்களையும் ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டு வருகிறார்கள். விமானத்தில் போனால் நாலு டயரை மடியில் வைத்துக்கொண்டா திரும்புவார்கள்? காலியாகப் பறக்கிற சீட்டுக்கெல்லாம் கவுண்டி நிர்வாகம்தான் பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, வாரிக் கொடுப்பதற்குத்தான் வாரியம் என்று நினைத்துவிட்டார்கள்.

இன்னொன்று, பயணிகள் விமானம் வந்தால் சுற்றிலும் வேலி வரும், அடையாள அட்டை இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது, அப்புறம் சனிக்கிழமைக் காலையில் விமானக் கொட்டகையில் ஊரே கூடிச் சாப்பிடுகிற பான்கேக்குக்கு என்ன வழி என்று கேட்டேன். கைல் “அதெல்லாம் சும்மா பூச்சாண்டி காட்றது, ஒண்ணும் மாறாது” என்று சிரித்தார். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற உன் தங்கை அடுத்த சனிக்கிழமை என்ன செய்தாள் தெரியுமா, கொட்டகை வாசலில் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து, தொலைந்த போல்ட் தேடுவதற்கு அப்பா வைத்திருக்கிற உலோகம் கண்டுபிடிக்கிற கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு, பூட்ஸைக் கழற்று, பெல்ட்டைக் கழற்று என்று நின்றுவிட்டாள். பான்கேக்கில் ஊற்றுகிற சிரப் பாட்டில் பெரிசு என்று பிடுங்கிக்கொண்டாள். பேனாக்கத்தி இல்லாத ஆள் நம் ஊரில் ஏது, மாட்டுத்தீவன வாளி கத்தியாலேயே நிரம்பிவிட்டது. அத்தனை பேரிலும் அதிகமாகக் குதித்தவர் கைல்தான், “அது எங்க தாத்தா கத்திடீ, குடுடீ!” என்று ஓட்டைச் சாக்ஸோடு கத்துகிறார், இவள் கொஞ்சமும் அசராமல் “வரிசையில நில்லுங்க சார், ஒண்ணும் மாறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க” என்கிறாள். (கத்தி போனதும் கத்தினார் அக்கா, நான் என்ன செய்ய?) உண்மையில் கொட்டகை வாசலில் அந்தச் சோதனையெல்லாம் வராது, வேலியும் அட்டையும்தான், அதனால் மிகைப்படுத்தாதே என்று அவளைத் திட்டினேன். திட்டிவிட்டு இரண்டாவது தட்டும் வாங்கிச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் நான் ஒன்றே ஒன்று கேட்டேன், கடைசியாக டென்வர் போனபோது வண்டியில் வெறுங்கையோடு திரும்பினவர்கள் கை தூக்குங்கள் என்று. ஒரு கையும் எழவில்லை, எட்வின் கூரையைப் பார்த்தார். கைல் விடவில்லை, அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று “அதை விடு லொரேன், உன் பொண்ணு வரவேணாமா, அதுக்குப் பதில் சொல்லு” என்றார். நான் பதில் சொல்லவில்லை, வேண்டாம் என்பதற்கு மாவுக்கட்டுக் கையையே தூக்கிக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். பதில் அவருக்கானது இல்லை, உனக்கானது. நம் வீட்டில் மேஜையில் உட்கார்ந்தால் உப்பை எடு, கிழங்கைத் தள்ளு, அவ்வளவுதான் பேச்சு. போன தடவை உன்னை டென்வரிலிருந்து கூட்டி வந்தபோது பாதி வழி நீ வாயே திறக்கவில்லை, சர்க்கரை ஆலை விளக்குகளைத் தாண்டிய பிறகு நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டே அந்தப் பையன் பால் உன்னை விட்டுப் போனதை எல்லாம் சொன்னாய், நானும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இங்கேயே விமானம் இறங்கினால் பத்து நிமிஷத்தில் வீடு, பத்து நிமிஷத்தில் நீ என்ன சொல்வாய், குளிர் ஜாஸ்தி என்பாய். நீ வராததற்கு ரோடு நீளம்தான் காரணம் என்று கைல் நினைத்துக்கொள்ளட்டும், அது இல்லை என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஊர் முழுக்கப் பேசாமல் போனாலும் போகட்டும், அந்த மூன்றரை மணி நேர ரோட்டை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதனால் நன்றி செலுத்தும் நாள் விடுமுறைக்கு டென்வர் வரைக்கும் டிக்கெட் போடு, மீதியை என்னிடம் விடு. கட்டை அதற்குள் பிரித்துவிடுவார்கள், பிரிக்காவிட்டாலும் ஒரு கையால் ஓட்டுவேன். பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை, பேசாமல் வந்தாலும் சரி. உன் பேனாக்கத்தியை மறக்காமல் பெட்டிக்குள் போடு, கைப்பையில் வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள். எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாக வந்து சேர வேண்டும், கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

நீல வண்டியோடு ஏர்போர்ட் வாசலில் நிற்கப்போகும்
உன் அம்மா,
லொரேன்

(வண்டியில் இடமில்லை, டென்வருக்கு நீ வரவேண்டாம் என்று என்னிடம் சொல்கிறாள் அம்மா. பின்சீட் இருப்பது எனக்குத் தெரியாதா? இந்த ஒரு தடவை தெரியாத மாதிரியே இருந்துவிடுகிறேன். நீ வா அக்கா.)