அறுபது நாள் சிலிண்டர்

டிசம்பர் 9, செவ்வாய்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்று ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் பழக்கடை மறைவில் நின்று மூன்று முட்டை போண்டாவை முழுங்கினேன். வயது நாற்பத்தாறு. பிளஸ் ஒன் படிக்கிற மகள் இருக்கிறாள். வாயைத் துடைத்தவள் முந்தானையை மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவர் எண்ணெய்க் கறையைக் காட்டிக் கேட்டார். பஸ் ஜன்னல் கிரீஸ் என்றேன். நம்ம ஊர் பஸ்ஸுக்குக் கிரீஸெல்லாம் போடுகிறானா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே உள்ளே போனார்.

போனது ஒரு கிலோ தக்காளிக்கு. எங்க ஊர் திருவரங்குளத்துக் கடையில் எட்டு ரூபாய் கூடவாம். பொம்பளைக்கு பஸ் இலவசம், நீ போய்ட்டு வா என்று அனுப்பிவிட்டார். அரை நாள் போச்சு. தக்காளியில் நாலு நசுங்கிப் போச்சு.

இந்த நோட்டும் அவர் கைவேலைதான். மகள் பிரகதாவின் பழைய நோட்டுகளில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து, சாக்கு ஊசியால் தைத்து, தினமும் செலவை எழுது என்று கொடுத்தார். செலவு முன்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் வயிற்றெரிச்சலைப் பின்பக்கத்திலிருந்து. அவரால் படிக்க முடியாது. கண்ணாடி மாற்றக் காசாகும் என்று தள்ளிப்போட்டு வருகிறார். அஞ்சாங்கிளாசோடு நின்ற என் கையெழுத்தை நல்ல கண்ணே படிக்காது.

டிசம்பர் 13, சனி

சார்ஜாவில் பதினாறு வருடம் இருந்துவிட்டு சித்திரையில் வந்தார். லோடு வண்டி ஓட்டுகிறார். நல்லாத்தான் இருந்தார். ஐப்பசியிலிருந்து என்ன பிடித்ததோ – சிக்கனம், சிக்கனம்.

சாயங்காலம் ஆனால் மூன்று பேரும் ஒரே அறையில், ஒரே ஃபேனுக்குக் கீழே உட்கார வேண்டும். பேஸ்ட் டியூபை மீன் அறுப்பது மாதிரி வயிற்றைக் கீறி வழிக்கிறார். தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டினார். குளிக்கும்போது அது கழன்று சாக்கடைக் குழாயில் போய் அடைத்துக்கொண்டது. அரை மணி நேரம் ஈர்க்குச்சியை விட்டுக் குத்தினார். இதில் ராத்திரி பத்து மணிக்கு ஃபிரிட்ஜையும் அணைக்கிறார். காலையில் சாம்பார் புளித்து என்னைப் பார்த்துக் கொப்பளிக்கிறது.

தினமும் விடிந்ததும் மின்சார மீட்டர் முன்னால் கைகட்டி நிற்கிறார். மீட்டர் சாருக்குக் காபி வச்சாச்சு என்று இன்று கூப்பிட்டேன். பிரகதாவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. முன்னெல்லாம் சிரிப்பார்.

டிசம்பர் 18, வியாழன்

அடுத்தது சிலிண்டர். நாலாம் தேதி மாட்டியது. அதன் வயிற்றில் சாக்பீஸால் தேதி எழுதி வைத்திருக்கிறார். காபிக்கு மட்டும் கேஸாம். சோறு, குழம்பு எல்லாம் கொல்லையில் விறகடுப்பில். தென்னமட்டை சும்மாதானே கெடக்கு என்கிறார். கெடக்கும். ஊதுறது யாரு?

நாலு நாள் ஊதினேன். கண் ரெண்டும் வீங்கிப்போச்சு.

டிசம்பர் 19, வெள்ளி

இன்று ஒரு வழி கிடைத்தது. பின்வீட்டு ஷர்லி பகலெல்லாம் தையல் மெஷினில்தான் உட்கார்ந்திருப்பாள். அடுப்பு சும்மா இருக்கிறது. அவர் காலை ஏழுக்கு வண்டி எடுத்தால் ரெண்டு மணிக்குத்தான் வருவார். அரிசியும் சட்டியுமாக வேலியைத் தாண்டினேன். தினமும் ரெண்டு நாட்டுக்கோழி முட்டை கொடுத்துவிடுவதாகப் பேச்சு. அவள் பிள்ளைக்கு ஆச்சு.

"மாமாவுக்குத் தெரிஞ்சா என்னக்கா பண்ணுவீங்க?"

"ஒங்க வீட்டுலயே ஒரு மூலையில படுத்துக்கிறேன்."

சட்டியின் அடி பளிச்சென்று இருந்தால் மாட்டிக்கொள்வேன். விறகடுப்புக் கரியை எடுத்து நானே பூசினேன். சாப்பாடு முடிந்ததும் நானே தேய்த்துக் கழுவினேன். எனக்கு மூளை இருக்கிறதா?

டிசம்பர் 24, புதன்

கோழி ஒன்பது இருக்கே, முட்டையைக் கண்ணிலேயே காணோமே என்று கேட்டார். மார்கழிப் பனிக்குக் கோழி முட்டை வைக்காது என்றேன். அப்படியா என்று தலையாட்டிவிட்டுப் போனார். பாவம். ஷர்லிக்குக் கொடுத்தது போக மீதியைக் கடையில் போடுகிறேன். அந்தக் காசில்தான் டப்பாவில் சர்க்கரை குறையாமல் இருக்கிறது. என் போண்டாவும் அதில்தான்.

ஜனவரி 1, வியாழன்

புது வருசம். பழைய காலண்டரைத் தூக்கிப் போடக் கூடாதாம். அட்டை உதவுமாம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வாசலில் விறகு மூட்டி நிஜமாகவே நான் வைத்தேன். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. தினமும் வைக்கிறவளுக்கு இன்னைக்கு மட்டும் என்ன ஆச்சு என்று கேட்டார். பனி என்றேன். எதைக் கேட்டாலும் நான் பனி பனின்றேன், அதையும் இந்த மனுசன் நம்புறாரு.

பிப்ரவரி 2, திங்கள்

சிலிண்டர் மாட்டி இன்றோடு அறுபது நாள். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். இன்னும் இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்ததும் இதுதான் சமயம், எல்லாவற்றையும் சொல்லி மனுசனை ஒரு வாரத்துக்குக் கேலி பண்ணலாம் என்று வாயைத் திறந்தேன்.

அவர் ஒரு பொட்டலத்தை நீட்டினார். மூன்று முட்டை போண்டா.

"நீ இதெல்லாம் தின்னு எவ்வளவு நாளாச்சு."

அப்புறம்தான் சொன்னார். ஐப்பசியிலிருந்தே சார்ஜாவில் பழைய கம்பெனி கூப்பிடுகிறதாம். இந்தப் பதினஞ்சாம் தேதிக்குள் பதில் சொல்லணும். சரியென்றால் மார்ச் அஞ்சாம் தேதி பிளைட்.

"மனசுல ஒண்ணு நெனச்சிருந்தேன் வல்லி. சிலிண்டரு அறுபது நாள் வந்துருச்சுன்னா, நான் இங்கிட்டு சம்பாரிக்கிறதுலயே குடும்பம் ஓடிரும். போக வேணாம்னு. நீ இத்தன நாளும் பொகையில நின்ன. ஒரு நாள்கூட மொகம் சுளிக்கல."

இதை ஏங்க எங்கிட்ட முன்னாடியே சொல்லல என்றேன்.

"சொன்னா கேலி பண்ணுவ."

போண்டாவில் ஒன்றுதான் தின்றேன். மீதியைப் பிரகதாவுக்குக் கொடுத்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

சொல்லவா, வேண்டாமா? சொல்லாமல் விட்டால் போக மாட்டார். எனக்கும் அதுதானே வேணும். பதினாறு வருசம் போன்லயே குடும்பம் நடத்தியாச்சு. பிரகதா பொறந்ததக்கூட போன்லதான் கேட்டாரு. ஆனால் நான் பூசின கரியை நம்பிக்கொண்டு ஒரு மனுசன் சார்ஜா வேலையை விடுவதா? நாளைக்குக் கைக்காசு கரைந்தால் அவர் தன்னைத்தான் நொந்துகொள்வார். என்னை நினைக்கக்கூட மாட்டார்.

பிப்ரவரி 4, புதன்

சொல்லிட்டேன். எல்லாத்தையும். ஷர்லி அடுப்பு, கரி, முட்டை, கிரீஸு – ஒண்ணு விடல. திட்டுவார்னு நெனச்சேன். திட்டலையே.

ஒன்றே ஒன்று கேட்டார்.

"மார்கழியில கோழி முட்டை வைக்குமா?"

"வைக்கும்ங்க."

"அங்கிட்டே கெடந்துட்டேன். எனக்கு எதுதான் தெரியுது."

எழுந்து போய் ஸ்டூலைப் போட்டுப் பரணிலிருந்து சார்ஜாவிலிருந்து கொண்டுவந்த பெரிய பெட்டியை இறக்கினார். தூசி தட்டினார். நான் கதவோரம் நின்றேன். வாயில் ஒரு கேலிகூட வரவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று முதல் உண்மையாகவே விறகடுப்பு. அப்பா பேசவே மாட்டேங்கிறாரேம்மா என்கிறாள் பிரகதா. சட்டியில் கரி தானாகவே பிடிக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

திறந்து கிடந்த சார்ஜா பெட்டிக்குள், மடித்து வைத்த சட்டையின் மேல் கறுப்புக் கோழி முட்டை வைத்திருக்கிறது. அவர் எடுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுப்படியில் கொண்டுவந்து வைத்தார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அம்மி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தினமும் எத்தனை முட்டை என்று கேட்டார். நாலு, சில நாள் அஞ்சு என்றேன். ஷர்லிக்கு ரெண்டு, கடைக்கு மீதி.

"அப்ப ஷர்லி அடுப்ப சும்மா குடுக்கல."

"முட்டைக்குத்தாங்க. சும்மா குடுத்துருந்தாக்கூட நான் வாங்கியிருக்க மாட்டேன்."

"சர்க்கரையும் அதுலதான்."

"ஆமாங்க."

"அப்ப வீடு ஓடுனது நெசந்தான். நான் மட்டும் ஓட்டல. நீயும் ஓட்டியிருக்க."

நான் இப்படி யோசித்ததே இல்லை. நான் நினைத்தது திருட்டு. அவர் அதில் ஒரு வருமானத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மீட்டரை முறைத்து முறைத்து வந்த புத்தி போல.

"ஏமாத்துனது தப்பு," என்றார்.

"தப்புதாங்க."

"கரி பூசுனது?"

"அதுவுந்தாங்க."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தே போனேன். சிரித்திருக்கிறார்.

பிப்ரவரி 14, சனி

கம்பெனிக்குப் பேசினார். வரலை என்றார், அவ்வளவுதான். அதற்கு முன்னால் வாசலில் ஒரு மணி நேரம் நடந்தார். செருப்புத் தேயுதுங்க என்றேன். கழற்றிப் போட்டுவிட்டு நடந்தார்.

பிப்ரவரி 23, திங்கள்

லோடு வண்டியிலேயே கம்பி வலை கொண்டுவந்து கோழிக்கூடு கட்டியிருக்கிறார். இருபது குஞ்சு விட்டிருக்கிறோம். நல்லது. ஆனால் விடிந்ததும் மீட்டர் முன்னால் நின்றவர் இப்போது கூட்டு முன்னால் கைகட்டி நிற்கிறார். எந்தக் கோழி, எந்தக் கிழமை, எத்தனை மணி என்று சாக்பீஸால் எழுதுகிறார். கோழியெல்லாம் வெட்கப்பட்டு வேலிக்குள் போய் முட்டை வைக்கிறது. நான் குனிந்து குனிந்து பொறுக்குகிறேன். இந்த மனுசனைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாடு.

சமையல் பாதி விறகில், பாதி கேஸில் என்று பேசித் தீர்த்தாச்சு. ஃபிரிட்ஜ் மட்டும் இன்னும் தீரவில்லை.

மார்ச் 2, திங்கள்

முட்டைக் காசில் அவருக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். முதல் வேலையாக இந்த நோட்டைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினார். 'மீட்டர் சார்' என்பதைக் காட்டி, இதை யார் எழுதினது என்றார். பனி என்றேன்.

மார்ச் 5, வியாழன்

இன்றைக்குத்தான் அவர் பிளைட் ஏறியிருக்க வேண்டியது. பெட்டி கோழித் தீவனத்தோடு கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

குளியலறைக் குழாய் ரெண்டு நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பிளம்பருக்கு எதுக்குக் காசு என்று அவரே ஸ்பேனரோடு உள்ளே போனார். மாடியில் டேங்க் வால்வை மூடிவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். ஒரு திருகுதான், வேணாம் என்றார். ஒரு திருகு திருகினார். குழாய் கையோடு வந்துவிட்டது. நான் மாடிக்கு ஓடி வால்வைப் பிடிப்பதற்குள் டேங்க் காலி. அப்புறம் பிளம்பர் வந்தார். மோட்டார் ஒரு மணி நேரம் ஓடியது. மீட்டர் சார் இன்று மீட்டர் பக்கம் போகவில்லை. தண்ணீரில் அடித்துப்போன அவர் செருப்பில் ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.