மொரோய் என்ற சொல்

வாலேனி, 3 நவம்பர் 1926

அன்புள்ள லாரியன் அண்ணனுக்கு, வெதூரியா எழுதிக்கொள்வது.

அப்பாவின் அடக்கத்துக்கு நீங்கள் வரவில்லை. அதைப் பற்றிக் கேட்க இப்போது மனமில்லை. என் மகள் அனூட்சா மெழுகாக வெளுத்துப் போய்விட்டாள். தாத்தா வந்து நெஞ்சில் உட்காருகிறார் என்கிறாள். அப்பா மொரோய் ஆகிவிட்டார் என்று ஊரே சொல்கிறது. கல்லறையைத் திறந்து, இதயத்தை எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்து அவளுக்குக் கொடுக்க வேண்டுமாம். குழி தோண்டும் தோவாதெர் மசியவில்லை. "மூத்தவன் வாயால தொறன்னு வராம மம்பட்டியத் தொடமாட்டேன் தாயி" என்கிறான். ஒரு வரி எழுதுங்கள் அண்ணா.

தங்கை வெதூரியா

கிளுஜ், 9 நவம்பர்

வெதூரியா,

சொற்களுக்குப் பொருள் எழுதுவதே அகராதி அலுவலகத்தில் என் பிழைப்பு. மொரோய்: செத்த பின் திரும்பி வந்து சொந்த ரத்தத்தை உறிஞ்சுபவன். சில வட்டாரங்களில், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தை. சொல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஸ்லாவியரின் கெட்ட கனவிலிருந்து என்கிறார் ஒரு பேராசிரியர். லத்தீன் மரணத்திலிருந்து என்கிறார் இன்னொருவர். இந்தச் சண்டையில் இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். பிறப்பே தெரியாத சொல்லை நம்பிப் பிணத்தைத் தோண்டச் சொல்லமாட்டேன். குழந்தையை டாக்டரிடம் காட்டு.

இன்னொன்று. இலோனா ஹங்கேரியக்காரி என்பதற்காகக் கல்யாணக் கோலத்தில் எங்களை வாசலிலேயே நிறுத்தி, "எனக்கு மூத்தவன்னு எவனும் கெடையாது" என்றவர் உன் அப்பா. நீ ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். இல்லாத மூத்தவனிடம் எதற்கு அனுமதி?

லாரியன்

வாலேனி, 21 நவம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடியே கல்லறையைத் தொடவில்லை. டாக்டர் வந்து மருந்து கொடுத்தார். நேற்று அனூட்சா தானாக எழுந்து மக்காச்சோளக் களி கேட்டுச் சாப்பிட்டாள். கன்னத்தில் நிறம் திரும்பியிருக்கிறது. தாத்தா வருவதில்லையா என்று கேட்டேன்.

"இல்லம்மா. மாமா வீடு எங்கன்னு கேட்டாரு. கிளுஜ்ல, ஆத்துப் பாலம் தாண்டின்னு சொன்னேன்" என்றாள்.

காய்ச்சலில் பேசியதுதான். ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜன்னல் சட்டத்தில் பூண்டு தேய்த்து வையுங்கள்.

வெதூரியா

கிளுஜ், 2 டிசம்பர்

அன்புள்ள வெதூரியா,

சில நாட்களாக அலுவலகம் போகவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு அடைக்கிறது. டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் குறை ஒன்றும் இல்லை என்கிறார். பக்கத்தில் படுக்கும் இலோனாவுக்கு எதுவும் தெரியவில்லை, நன்றாகத் தூங்குகிறாள். அவள் அவருடைய ரத்தமில்லையே.

இதைத் தோவாதெரிடம் காட்டு. நான் கிளிகோரின் மூத்த மகன். திறக்கச் சொல்கிறேன்.

நிலம் உறைவதற்குள் செய்யுங்கள். சாம்பலை யாரிடமாவது கொடுத்தனுப்பு.

உன் அண்ணன்
லாரியன்